முதுகை நிமிர்த்திய டாக்டர் ஹாரிங்டன்

இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தைக்குக் கால் சூம்பிப் போவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்நோய் உடம்புத் தசைகளைத் தாக்கினால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, மார்புக்கூடு கோணி, மூச்சு விடுவதே பெரும்பாடாகிவிடும். அத்தகைய முதுகை உள்ளே கம்பி வைத்து நிமிர்த்தும் முறையை உலகுக்குத் தந்தவர் அமெரிக்க எலும்பு மருத்துவ நிபுணர் டாக்டர் பால் ஹாரிங்டன்.

1911-ல் கான்ஸாஸ் மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரியில் கூடைப்பந்து ஆட்டக்காரர். மருத்துவப் பட்டம் பெற்று, இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் பணியாற்றிய பின் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் தொழில் தொடங்கினார். அங்கே ஜெபர்ஸன் டேவிஸ் ஆஸ்பத்திரியில் வாத நோய்க் குழந்தைகள் அவர் கவனிப்பில் வந்தனர். 1952-ல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 58,000 பேரை அந்நோய் பற்றியது.

வளைந்த முதுகுக்கு அன்றைய வைத்தியம், உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைப்பது. மார்புத் தசை பலமிழந்த குழந்தைக்கு இறுக்கமாகக் கட்டுப் போட்டால் மூச்சு என்ன ஆவது? வெளியே பிடித்து நிறுத்த முடியாததை உள்ளிருந்தே நிறுத்திப் பார்க்க முனைந்தார் ஹாரிங்டன். முதலில் திருகாணிகளைப் பொருத்தினார், அவை நிற்கவில்லை. பிறகு வளைவின் மேலும் கீழும் இரண்டு கொக்கிகள் மாட்டி, நடுவே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்றைச் செருகினார். கம்பியில் பற்கள் உண்டு. லாரிக்கு டயர் மாற்றும்போது ஜாக்கி பல் பலாக ஏறுவதுபோல் கொக்கியை நகர்த்த, முதுகு நிமிர்ந்தது.

ஆனால் நிமிர்ந்தது நிலைக்கவில்லை. நாளடைவில் கொக்கி நழுவிற்று; கம்பியே முறிந்தது. முதுகெலும்பு ஓயாமல் அசைவது. திரும்பத் திரும்ப வளைக்கும் கம்பி எதுவாயினும் ஒடிந்தே தீரும். குழந்தையின் முதுகு வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கக் கூடாதென்றே அவர் எலும்புகளை ஒட்ட வைக்காமல் விட்டிருந்தார். நல்ல எண்ணம்தான், பலிக்கவில்லை. அதைக் கைவிட்டு, நியூயார்க் டாக்டர் ரஸ்ஸல் ஹிப்ஸ் 1911-லேயே வெளியிட்டிருந்த எலும்பு இணைப்பு முறையைத் தம் கம்பியோடு சேர்த்துக்கொண்டார். கான்கிரீட் இறுகும் வரை முட்டுக் கொடுப்பதுபோல, எலும்புகள் ஒன்றோடொன்று கூடும் வரை தாங்குவதே கம்பியின் வேலை ஆயிற்று. தம் கண்டுபிடிப்பு பாதி வேலையே செய்யும் என்று ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்?

1962-ல் அவரது கட்டுரை வெளிவந்தது. கம்பி பல நாடுகளுக்குப் பரவியது. 1955-ல் தடுப்பூசி வந்து அமெரிக்காவில் வாத நோய் அடங்கியபோதும் கம்பிக்கு வேலை குறையவில்லை. வளரும் பருவத்தில் காரணம் தெரியாமல் முதுகு வளையும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், ஏராளம்.

குறையும் இல்லாமல் இல்லை. நேர்க் கம்பியானதால் இடுப்புக்கு மேலுள்ள இயற்கையான குழிவு பலருக்கு மறைந்து, பிற்காலத்தில் வலி கண்டது. 1980-ல் ஹாரிங்டன் மறைந்தார். அந்தப் பத்தாண்டிலேயே பிரெஞ்சு டாக்டர்கள் கோட்ரெல், துபுஸே இருவரும் இரட்டைக் கம்பி முறையைக் கொண்டுவர, அவர் கம்பி மெல்ல வழக்கொழிந்தது.