உதகையில் கணக்கெழுதியவர், அவையில் வழி திறந்தவர்: இரட்டைமலை சீனிவாசன்

சட்டக் கல்லூரிகள் தம் முன்னாள் மாணவர்களுள் சிறந்தோரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவது நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி. நீதிபதியானவர், மூத்த வழக்கறிஞரானவர், அரசுத் தலைமை வழக்கறிஞராக உயர்ந்தவர் என்று அந்த வரிசை நீளும். தொழிலில் அடைந்த உயரமும் சமூகத்துக்கு ஆற்றிய தொண்டும் அங்கே ஒரே மூச்சில் பேசப்படும். சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தோன்றியது. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் அயோத்திதாசப் பண்டிதரின் முன்முயற்சியில் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கும் உரிமை, சிறைச்சாலையில் பறையருக்கு மட்டும் இழிபணி ஒதுக்கும் விதியை நீக்குதல், கச்சேரிகளுக்குள் நுழைந்து முறையிடத் தடையின்மை ஆகியன அவற்றுள் சில. சமவெளியில் வழக்கறிஞர்களை உருவாக்கும் கூடம் திறந்த ஆண்டில், மலைமேல் ஒரு மக்கள் கூட்டம் கச்சேரி வாசலைத் தாண்டும் அனுமதியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாசலைத் திறக்க வாழ்நாளைச் செலவிட்ட இரட்டைமலை சீனிவாசனை எந்தச் சட்டக் கல்லூரியும் தன் மாணவர் என்று உரிமை கொண்டாட இயலாது. அவரிடம் சட்டப் பட்டம் இல்லை. ஆயினும் சட்டத்தால் அவர் சாதித்தவற்றைப் பட்டம் பெற்றோர் பலருடைய சாதனைகளோடு வைத்து எண்ணிப் பார்ப்பது பயனுடையது என்று கருதுகிறோம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். நீலகிரியோடு அவரைச் சேர்த்துப் பேசும்போது, இரட்டைமலை என்பது அங்குள்ள ஏதோ ஒரு குன்று என்று இளைஞர் சிலர் எண்ணிவிடுகின்றனர். அது அவருடைய தந்தையார் பெயர். குடும்பம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தைச் சேர்ந்தது. சாதிக் கொடுமையின் காரணமாகத் தஞ்சைக்கும், பின்னர் கோவைக்கும் இடம்பெயர்ந்தது. கோவைக் கல்லூரியில் அவர் படித்தபோது சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பார்ப்பனர். தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் எவரோடும் நெருங்கிப் பழகாமல், மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைந்து, வகுப்பு முடிந்ததும் விரைந்து வீடு திரும்பிய நாள்களை, பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் அவர் பதிவு செய்திருக்கிறார். இன்று கல்லூரி விடுதியில் தன் ஊரின் பெயரை மட்டும் சொல்லித் தெருவின் பெயரை விழுங்கிவிடும் மாணவருக்கு இந்தப் பக்கத்தை விளக்கத் தேவையில்லை.

படிப்பு முடிந்ததும் நீலகிரிக்குச் சென்ற அவர், அங்கே ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் ஏறக்குறைய பத்தாண்டுகள் கணக்கராகப் பணியாற்றினார். இந்தப் பத்தாண்டைப் பலர் ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். நமக்கு அது போதாது. உதகை பழைய ஊர் அன்று. 1820களில் ஜான் சல்லிவன் காலத்தில் வெள்ளையருக்காக எழுந்த நகரம் அது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், படகர் ஆகியோரின் மலையில் அக்கிரகாரமும் சேரியும் என்று பிரிந்த சமவெளியின் கிராம அமைப்பு வேரூன்றியிருக்கவில்லை. துரைமார் வீடுகள், படைமுகாம்கள், கடைகள், அச்சகங்கள், தோட்ட அலுவலகங்கள் ஆகியவற்றில் எழுத்தும் கணக்கும் அறிந்த ஒருவருக்கு வேலை கிடைத்தது. சாதியைக் காரணம் காட்டி அவரை விரட்டும் மணியகாரர் அங்கே இல்லை. அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன் ஐரோப்பிய அதிகாரியிடம் பணிபுரிந்தவர். அயோத்திதாசரும் நீலகிரியில் வளர்ந்து, 1870களில் அங்கேயே அத்வைதானந்த சபையை நிறுவினார். சீனிவாசனின் தங்கை தனலட்சுமியை அயோத்திதாசர் மணந்ததால் இருவரும் மைத்துனர் ஆயினர். பிற்காலத்தில் அவர்களிடையே கருத்து வேறுபாடுகள் எழுந்தன என்றாலும், தமிழகத் தலித் அரசியலின் இரண்டு பெரும் ஊற்றுகள் ஒரே மலையிலிருந்து புறப்பட்டன.

இதைச் சொல்லும்போது அந்த மலையைச் சொர்க்கமாக வரைந்துவிடக் கூடாது. அதே ஆண்டுகளில் அதே சரிவுகளில் காபிக்கும் தேயிலைக்கும் காடு அழிக்கப்பட்டது. கங்காணி கொடுத்த முன்பணத்தில் கட்டுண்டு சமவெளியிலிருந்து ஏறி வந்த கூலிகளில் பெரும்பங்கினர் தாழ்த்தப்பட்டோர். முன்பணம் பெற்று வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் வகை செய்தது. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும் என்பதைக் கண்டறிய ஒரு கணக்கருக்கு நூலகம் வேண்டியதில்லை.

1890இல் சீனிவாசன் சென்னைக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பறையர் மகாஜன சபையை அமைத்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். பத்து ரூபாய்ச் செலவில் வந்த முதல் இதழ் இரண்டே நாளில் நானூறு படிகள் விற்றது. வசைச்சொல்லாக எறியப்பட்ட பெயரை முகப்பில் பொறித்து விற்ற அந்தத் துணிவைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நம் பொருளுக்கு நெருக்கமானது அதே ஆண்டு நடந்த வேறொன்று. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே வேளையில் நடத்த வேண்டும் என்று காங்கிரசு கோரியது. அவ்வாறு நடந்தால் சாதி இந்துக்கள் மட்டுமே அதிகாரத்தில் அமர்வர், அவர்களிடம் நீதி கிடைக்காது என்று வாதிட்டு, 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீள மனுவைச் சீனிவாசன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இதை வெள்ளையர் சார்பு என்று எளிதாகப் புறந்தள்ளுவோர் உளர். தீர்ப்பெழுதும் நாற்காலியில் யார் அமர்கிறார் என்ற அவர் கேள்வி, உயர்நீதிமன்ற நீதிபதி நியமனங்களின் பட்டியலை நாம் வாசிக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறது.

இங்கிலாந்து செல்லும் நோக்கோடு 1900இல் கப்பலேறியவர் கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகத் தென்னாப்பிரிக்காவை அடைந்தார். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக நெடுங்காலம் பணியாற்றினார். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் வாழ்ந்த மண் அது. சம்பளப் பிடித்தம், வேலைக்கு வராமை, வேலையை விட்டு ஓடுதல் என்று எதற்கும் கூலியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் சட்டங்கள் அங்கே இருந்தன. கூண்டில் நின்றவர் பேசியது தமிழ். தீர்ப்பு வந்ததோ ஆங்கிலத்தில். இரண்டுக்கும் நடுவே நிற்பவரின் ஒரு சொல் பிசகினாலும் ஒருவருடைய சில மாதங்கள் சிறையில் கழிந்துவிடும். சட்டக் கல்லூரி அவருக்குக் கற்பிக்காததை அந்தப் பணி கற்பித்திருக்க வேண்டும் என்பது நம் துணிபு. பிற்காலத்தில் அவர் முன்மொழிந்த வாசகங்களின் துல்லியத்தைப் பார்ப்போர் இதை மறுப்பது கடினம். அங்கே வழக்கறிஞராக இருந்த காந்தியுடனும் அவருக்கு அறிமுகம் ஏற்பட்டது.

1920களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பி, 1923இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அறுபதைக் கடந்த வயது. 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானமே அவர் வாழ்வின் உச்சம் என்று நாம் கருதுகிறோம். எந்த நகரத்திலும் கிராமத்திலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எந்த வகுப்பினரும் நடக்கலாம்; அரசு அலுவலகம், பொதுக் கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அவை அதை ஏற்றது. 1924 செப்டம்பர் 25ஆம் நாள் அது 2660ஆம் எண் அரசாணையாக வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச் 30 முதல் திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலையில் நடப்பதற்காகப் பெரும் போராட்டம் நிகழ்ந்துகொண்டிருந்தது. வைக்கம் பாடநூலில் இடம்பெற்றது, இடம்பெற வேண்டியதுதான். ஒரு மாகாணத்தின் சாலைகள் அனைத்தையும் குறித்த இந்த ஆணையின் எண்ணைச் சட்ட மாணவரிடம் கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது.

அந்த ஆணையின் குறையையும் சொல்லியாக வேண்டும். உரிமையை அறிவிப்பது வேறு, தடுப்பவரைத் தண்டிப்பது வேறு. இந்த மாகாணத்தில் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938இல் சமூக இயலாமைகள் நீக்கச் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15(2)ஆம் கூறு கிணறு, குளம், சாலை, பொது இடம் என்று அடுக்கிச் செல்வதை, 1924ஆம் ஆண்டு ஆணையை அருகில் வைத்துக்கொண்டு வாசிக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலும் வந்தன.

இடையில் இலண்டன். 1930 நவம்பரில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் சார்பாளர்கள் இருவர்: 1922இல் கிரேஸ் இன்னில் பாரிஸ்டரான அண்ணல் அம்பேத்கர், இன்னொருவர் சீனிவாசன். இருவரும் கையொப்பமிட்டு அளித்த பாதுகாப்புத் திட்டத்தின் முதல் நிபந்தனை சமக் குடியுரிமை. உரிமையைப் பயன்படுத்தத் துணிபவரை ஊர் கூடி ஒதுக்கிவைக்கும் என்பதை உணர்ந்து, சமூகப் புறக்கணிப்பையே தண்டனைக்குரிய குற்றமாக்கவும் கோரினர். அதற்கு முன்மாதிரியாகப் பர்மாவின் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்காட்டினர். வழக்காடும் தொழிலறிந்த ஒருவரும், கூண்டின் அருகே நின்று ஆண்டுக்கணக்கில் கேட்ட ஒருவரும் சேர்ந்து எழுதிய ஆவணம் அது. 1932 பூனா ஒப்பந்தத்திலும் சீனிவாசனின் கையொப்பம் உண்டு. 1935இல் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தபோது, நாம் இந்து மதத்துக்குள் இருந்தால்தானே வெளியேற வேண்டும் என்ற நிலையை அவர் எடுத்தார். தோழமைக்குள் இத்தகைய மாறுபாட்டுக்கு இடம் இருந்தது.

பட்டங்கள் வந்தன. 1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர். 1940இல் ராஜாஜி முன்னிலையில் திராவிடமணி என்ற விருது. அரசு தந்த பட்டங்களை அவர் ஏற்றதைக் குறை கூறுவோர், அப்பட்டங்கள் அன்று யாருக்கெல்லாம் கிடைத்தன, அவர்கள் மூலம் யாருக்கு வழி திறந்தது என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அவர் திறந்த வழியில் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்தவர்களும் உண்டு. ந. சிவராஜ் சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். 1942இல் நாகபுரியில் உருவான அனைத்திந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பின் தலைவரானார். 1945இல் சென்னை மேயர். 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர். முன்னாள் மாணவருக்கான பாராட்டுக்கு இவரைவிடத் தகுதியுடையோர் அரியர். சட்டக் கல்லூரிகளின் விழா மேடைகளில் இவர் பெயரை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

2023 ஜூலையில் நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் ஆகியோரின் உருவங்கள் தவிர வேறு படங்கள் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் சுற்றறிக்கை எழுப்பிய கொந்தளிப்பை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அம்பேத்கர் படங்கள் அகற்றப்படா என்று பின்னர் விளக்கம் வந்தது. அம்பேத்கரின் படத்துக்கே இவ்வளவு போராட வேண்டியிருந்த இடத்தில், அவரோடு அந்த ஆவணத்தில் கையெழுத்திட்ட இன்னொருவரின் படத்தைப் பற்றி எவரும் பேசவில்லை.

சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று சென்னையில் மறைந்தார். 2000இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. கிண்டியில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் கணக்கெழுதிய நீலகிரியில் இன்று, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து சட்டம் படிக்க மலையிறங்கிக் கோவைக்குச் செல்கின்றனர். சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைக்கும் அலுவலகப் படியேறிச் சலித்த பெற்றோரின் மனுக்களை முதலில் எழுதிக் கொடுப்பவர்கள் அவர்களே. மனு எழுதும் அந்த மேசைகளில் 2660ஆம் எண் அரசாணையின் படி ஒன்று இருக்கட்டும்.