டிராஃபிக்கில் நின்றால் கார் இன்ஜின் ஏன் கொதிக்குது? 125 ஆண்டுக்கு முன்பே வழி கண்ட மேபாக்கின் கதை

மே மாத மதியம். பனகல் பார்க் தாண்டி உஸ்மான் ரோட்டுக்குள் நுழைந்த கார், கால் மணி நேரமா நகரவே இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. திடீர்னு டாஷ்போர்டில் வெப்பநிலை காட்டும் முள் மேலே ஏறுது. கொஞ்ச நேரத்தில் பானெட் ஓரத்தில் இருந்து லேசாக ஆவி. பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

இதே கார், காலையில் ஈசிஆரில் 80 கி.மீ. வேகத்தில் போனபோது எந்தத் தொல்லையும் கொடுக்கல. ஓடும்போது சூடாகாத இன்ஜின், நிற்கும்போது மட்டும் ஏன் சூடாகுது?

இதற்கான பதில் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு இன்ஜினியரின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது. அவர் பெயர் வில்ஹெல்ம் மேபாக். இன்று மேபாக் என்றால் கோடிகளில் விலை போகும் சொகுசு கார்தான் நினைவுக்கு வரும். ஆனால், செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன காரிலும் அவருடைய வேலை இருக்கு. பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் தெரியுமே, அந்த ரேடியேட்டர்!

10 வயதில் அநாதை

மேபாக் பிறந்தது 1846 பிப்ரவரி 9-ம் தேதி, ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில். அப்பா தச்சர். 8 வயதில் அம்மாவையும், 10 வயதில் அப்பாவையும் இழந்தார். ராய்ட்லிங்கன் ஊரில் குஸ்டாவ் வெர்னர் என்ற மதபோதகர் நடத்திய இல்லத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சாப்பாடு, படிப்போடு தொழிலும் கற்றுக்கொடுத்த இடம் அது. பையனுக்கு வரைபடம் போடுவதில் கை நன்றாக வந்தது. அங்கிருந்த இயந்திரத் தொழிற்கூடத்திலேயே வரைவாளராகப் பயிற்சி பெற்றார்.

அந்தத் தொழிற்கூடத்துக்கு மேலாளராக வந்தவர்தான் காட்லீப் டைம்லர். 1865-ல் இருவரும் சந்தித்தபோது மேபாக்குக்கு 19 வயது, டைம்லருக்கு 31. அதன்பிறகு டைம்லர் வேலை மாறிய இடத்துக்கெல்லாம் மேபாக்கும் போனார். கார்ல்ஸ்ரூ, அப்புறம் நிக்கோலாஸ் ஓட்டோவின் டாய்ட்ஸ் தொழிற்சாலை. 1876-ல் அங்கே உருவான நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை, விற்பனைக்கு ஏற்ற இயந்திரமாகச் செதுக்கியதில் மேபாக்கின் பங்கு பெரியது.

தோட்டத்துக் கண்ணாடி வீடு

1882-ல் டைம்லர் வேலையை விட்டுவிட்டு, ஸ்டட்கார்ட் பக்கத்தில் இருக்கும் கான்ஸ்டாட்டில் ஒரு வீடு வாங்கினார். தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடி அறைதான் பட்டறை. இருவரும் ராப்பகலாகக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்ததால், உள்ளே கள்ளநோட்டு அடிக்கிறார்களோ என்று தோட்டக்காரருக்கே சந்தேகம் வந்து, போலீஸ் வரை போனதாக ஒரு கதை உண்டு. உள்ளே இருந்ததெல்லாம் இன்ஜின் பாகங்கள்தான்.

அங்கே பிறந்த சிறிய, வேகமான பெட்ரோல் இன்ஜினை 1885-ல் மரச்சட்டம் போட்ட இரு சக்கர வண்டியில் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டே நான்கு சக்கர வண்டியிலும் ஏற்றினார்கள். இன்ஜின் ஓடியது. கூடவே ஒரு தலைவலியும் வந்தது. சூடு!

அந்தச் சூடு எங்கே போகும்?

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் போவது சுமார் நான்கில் ஒரு பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். மீதி பெரும்பாலும் சூடாகவே வெளியேறுது. ஒரு பகுதி புகைக்குழாய் வழியாகப் போய்விடும். இன்னொரு பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு போய் வெளியே விடணும். விடலைன்னா உலோகம் விரியும், பிஸ்டன் இறுகிக்கொள்ளும்.

ஆரம்பகால கார்களில் தண்ணீர் கொதித்து ஆவியாகும். டிரைவர் வழியில் நிறுத்தி மறுபடி ஊற்றணும். இன்ஜினின் சக்தி கூடக்கூட, சுமக்க வேண்டிய தண்ணீரும் கூடியது. 1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போன வண்டியில் மேபாக் ஒரு வித்தை செய்தார். வண்டியின் சட்டமே இரும்புக் குழாய். அந்தக் குழாய்களுக்குள்ளேயே தண்ணீரை ஓடவிட்டார். சின்ன இன்ஜினுக்கு அது போதும். பெரிய இன்ஜினுக்குத் தாங்காது. அதன்பிறகு, வரிசையாகக் குழாய்களை அடுக்கிக் காற்றில் காட்டும் ரேடியேட்டரை வடிவமைத்தார். அப்போதும் அதிக சக்தி என்றால் அதிக தண்ணீர், அதிக எடை என்ற சிக்கல் தீரல.

1900: இரண்டு மரணம், ஒரு கார்

1900 மார்ச் 6-ம் தேதி டைம்லர் இறந்தார். அதே மாதக் கடைசியில், பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த மலைப்பாதைப் பந்தயத்தில் டைம்லர் நிறுவனத்தின் ஃபீனிக்ஸ் கார் விபத்துக்குள்ளாகி, அதை ஓட்டிய வில்ஹெல்ம் பவுர் உயிரிழந்தார். உயரமான, தலை கனத்த கார் அது.

நீஸில் இந்தக் கார்களை விற்றுவந்த எமில் யெல்லினெக் பின்வாங்கல. தாழ்வான, நீளமான, எடை குறைந்த, ஆனால் அதிக சக்தி கொண்ட புது கார் வேணும் என்று கேட்டார். 36 கார்களுக்கு ஆர்டரும் கொடுத்தார். அவர் வைத்த ஒரு நிபந்தனை, காருக்குத் தன் மகள் பெயரை வைக்கணும். அந்தச் சிறுமியின் பெயர் மெர்சிடிஸ்.

வடிவமைக்கும் பொறுப்பு மேபாக்கிடம் வந்தது. 35 குதிரைத்திறன் இன்ஜின். பழைய பாணியில் குளிர்விக்கணும்னா, தண்ணீர் எடையே காரை அழுத்திவிடும்.

8,070 குழாய்கள்

மேபாக் கணக்கைத் திருப்பிப் போட்டார். தண்ணீரைக் கூட்டுவதற்குப் பதில், காற்று தொடும் பரப்பைக் கூட்டினார். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சதுர வடிவக் குழாய்கள், மொத்தம் 8,070. அவற்றைத் தேன்கூடு மாதிரி அடுக்கிப் பற்றவைத்தார். குழாய்களுக்குள் காற்று, இடைவெளியில் தண்ணீர். டவராவில் ஊற்றிய காபி டம்ளரில் இருப்பதைவிடச் சீக்கிரம் ஆறுவது மாதிரிதான் இதுவும். அகலப் பரப்பினால் சூடு வேகமாக இறங்கும்.

முன்பு சுமார் 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டரே போதுமானதாக இருந்தது. மெதுவாகப் போகும்போது காற்று குறையுமே? அதற்காக ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ஃபேன் வைத்தார். 1900 டிசம்பரில் முதல் கார் யெல்லினெக் கைக்குப் போனது. 1901 மார்ச்சில் நீஸ் பந்தய வாரத்தில் மெர்சிடிஸ் வெற்றிகளை அள்ளியது. மற்ற கார் கம்பெனிகளும் அந்த வடிவமைப்பைப் பின்பற்றத் தொடங்கின.

சென்னைக்கு இதில் என்ன பாடம்?

உஸ்மான் ரோட்டில் நிற்கும் காருக்கு வருவோம். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நின்னா, முழு வேலையும் ஃபேன் தலையில்தான். அதனால், கார் எப்போ சூடாகுது என்பதைக் கவனித்தாலே பாதி நோய் தெரிஞ்சிடும்.

* சிக்னலில் மட்டும் சூடாகி, ஓடினால் இறங்குதா? ஃபேன் மேல்தான் முதல் சந்தேகம். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டால் ஃபேன் சுற்றணும். சுற்றலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார் என வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்க.

* ஓஎம்ஆரில் வேகமாகப் போகும்போதும் ஏறுதா? ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

* ரிசர்வ் டேங்க்கில் கூலன்ட் குறைஞ்சுகிட்டே இருக்கா? ஹோஸ், பம்ப், ரேடியேட்டரில் கசிவு தேடணும். வெளியே சொட்டே இல்லை, ஆனால் சைலன்ஸரில் விடாமல் வெள்ளைப் புகை, இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறம் என்றால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்படியே ஓட்டினால் செலவு பல மடங்கு ஏறும்.

* கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருக்கா? உப்புத் தண்ணீரில் கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவம் ரேடியேட்டருக்குள்ளும் படியும். அடையாறு, மயிலாப்பூர் மாதிரி கடலோரப் பகுதிகளில் கூடுதல் கவனம் தேவை. மழை வெள்ளத்தில் நின்ற கார் என்றால், ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையே சேறு இருக்கான்னு பாருங்க.

முள் ஏற ஆரம்பித்தால் முதலில் ஏசியை நிறுத்துங்க. ஹீட்டரை முழுசா போடுங்க. வெயிலில் கொடுமைதான், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் கேபினுக்குள் வந்துவிடும். அதற்கும் இறங்கலைன்னா, அல்லது முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ, ஓரம் கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பது 100 டிகிரியைத் தாண்டிய திரவமாக இருக்கலாம். விசில் அடங்காத குக்கரைத் திறப்பது மாதிரி, முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடணும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. உலோகம் விரிசல் விடலாம்.

வெளியேறிய மேபாக்

மெர்சிடிஸ் வெற்றி மேபாக்குக்கு நிம்மதி தரல. டைம்லர் இல்லாத நிறுவனத்தில் அவர் மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டார். 1907-ல், 61 வயதில், வெளியேறினார். வாழ்நாள் உழைப்பைக் கொட்டிய கம்பெனி. அதன் பெயரிலும் அவர் இல்லை, அவர் செய்த காரின் பெயரிலும் இல்லை.

ஆனால் ஓய்ந்துவிடல. 1909-ல் செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்கு இன்ஜின் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்கெடுத்தார். அதை நடத்தியவர் மகன் கார்ல். போருக்குப் பிறகு விமான இன்ஜின் தயாரிக்க ஜெர்மனிக்குத் தடை வந்ததும், நிறுவனம் சொகுசு கார் பக்கம் திரும்பியது. 1921-ல் மேபாக் என்ற பெயரிலேயே கார் வெளியானது. அப்பாவுக்கு அப்போது 75 வயது.

1929 டிசம்பர் 29-ம் தேதி, 83 வயதில் மேபாக் காலமானார். கான்ஸ்டாட்டில் டைம்லரின் கல்லறை இருக்கும் அதே இடுகாட்டில் அவரையும் அடக்கம் செய்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, 2002-ல் மேபாக் பெயரை மறுபடி சொகுசு காரில் பொறித்து வெளியிட்டது, டைம்லர் வழிவந்த அதே நிறுவனம்தான்.

அந்தக் கார் எல்லோருக்கும் எட்டாது. அவருடைய யோசனையில் இருந்து வளர்ந்த ரேடியேட்டரும் ஃபேனும் உங்கள் காரிலேயே இருக்கு. அடுத்த கத்திரி வெயிலுக்குள் அந்த இரண்டையும் ஒருமுறை செக் பண்ணிடுங்க.