டாக்டர் விடால்

சென்ற மார்கழியில் ஓர் இரவு. தேர்வுக்குப் படித்துப் படித்துத் தலை பிளந்துவிடும் போலிருந்தது. விடுதி நண்பர் ஒருவர் அன்போடு ஓர் ஆஸ்பிரின் மாத்திரையை நீட்டினார், விழுங்கினேன். ஒரு மணி நேரம் சென்றிராது. மூக்கு ஒழுகியது, கண்கள் சிவந்தன, நெஞ்சைக் கயிற்றால் இறுக்கியது போல மூச்சு முட்டியது. நான் ஆஸ்துமாக்காரன், பெங்களூர்ப் பனியோடு போராடிப் பழகியவன். ஆயினும் அப்படியொரு திணறலை அதுவரை கண்டதில்லை. நண்பர்கள் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனை சேர்த்தமையால் இன்று இதை எழுதுகிறேன்.

பனியன்று, மாத்திரையே காரணம் என்று விளக்கிய டாக்டர், பேச்சோடு பேச்சாக விடால் என்றொரு பெயரைச் சொன்னார். அப்பெயர் எனக்குப் புதிதன்று. பள்ளிப் பருவத்தில் காய்ச்சலில் கிடந்தபோது எனக்கு எடுத்த இரத்தச் சோதனை, 'வைடால் டெஸ்ட்'. அவரேதானா இவர்? ஆவலோடு அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

பெர்னாண்ட் விடால் 1862-ஆம் ஆண்டு அல்ஜீரியாவில், டெல்லிஸ் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். பாரிஸில் மருத்துவம் பயின்றார். டைபாய்டு கண்டவரின் இரத்தத் தெளிநீர் அந்நோய்க் கிருமிகளைத் திரளச் செய்யும். அதையே அடையாளமாகக் கொண்டு நோயைக் கண்டறியும் முறையை 1896-இல் வெளியிட்டார். உலகப் புகழ் பெற்றார். சிறுநீரக நோயால் உடல் வீங்கியவர்க்கு உப்பைக் குறைத்தால் வீக்கம் வடியும் என்று காட்டியவரும் அவரே.

புகழின் உச்சியில் அமர்ந்தவர்கள் நோயாளியின் சொல்லுக்குச் செவிசாய்ப்பது அரிது. விடால் செவிசாய்த்தார். 1899 முதல் விற்பனைக்கு வந்து, உலகமே நம்பி விழுங்கிய மருந்து ஆஸ்பிரின். அது சிலருக்கு மூச்சுத் திணறலைத் தருகிறது என்பதை அவர் அலட்சியம் செய்யவில்லை. தம் தோழர்களுடன் ஆராய்ந்து, ஆஸ்துமா, மூக்கினுள் வளரும் சதை, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் ஒருவரிடமே கூடி நிற்பதை 1922-இல் எழுதினார். மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் வழியையும் காட்டினார். 1929-இல் மறைந்தார்.

அவர் எழுதியதை உலகம் ஏறக்குறைய மறந்தே போயிற்று. 1968-இல் அமெரிக்காவில் சாம்டர், பியர்ஸ் என்னும் இருவர் அதை மீண்டும் விரிவாக எழுதினர். ஆங்கிலம் பேசும் நாடுகளில் நோய்க்குச் சாம்டரின் பெயரே நிலைத்தது. பிரான்சிலோ இன்றும் விடால் நோய்தான்.

காரணம் விளங்கியது பின்னரே. உடலில் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971-இல் ஜான் வேன் கண்டார். அதனால்தான் வலி தணிகிறது. ஆனால் அவற்றுள் ஒன்று மூச்சுக்குழலுக்குக் காவலாகவும் நிற்பது. எம்போன்றோரிடம் அக்காவல் குறைந்ததும் லூக்கோட்ரையீன் என்னும் பொருள்கள் பெருகுகின்றன; குழல் சுருங்குகிறது, வீங்குகிறது, சளி சுரக்கிறது.

நண்பர்களே, ஆஸ்துமா உள்ள எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. வயது வந்த ஆஸ்துமாக்காரர் நூற்றுவரில் ஏறத்தாழ எழுவருக்கே இத்தொல்லை. ஆனால் அந்த எழுவரில் தாம் ஒருவரா என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஐபுபுரோபென், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அவர்களுக்கு இதே கேட்டைச் செய்யும். பாராசிட்டமால் சாதாரண அளவில் பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்ளும். எனினும் டாக்டரைக் கேட்டே உண்க. உடலைப் பழக்கும் சிகிச்சையும் மருத்துவமனையில் மட்டுமே நடக்க வேண்டியது.

அன்பினால் மாத்திரை நீட்டும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொடுக்குமுன், இழைப்பு உண்டா, முன்பு எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாமல் போயிற்றா என்று கேளுங்கள். அறுபது வயதில், பெரும்புகழுக்குப் பின்னும், விடால் கேட்கத் தவறவில்லை. நாமும் கேட்போம்.