பெர்டனும் பித்தளைக் கோதும்

நெடுந்தூரத்து இலக்கைக் குறிவைத்துச் சுடும் போட்டியாளர் நடுவே இன்றும் ஓயாத வழக்கொன்று உண்டு. ஒருமுறை வெடித்த தோட்டாவின் பித்தளைக் கோதிலே மருந்தும் ரவையும் மீண்டும் இட்டுச் சுடுவதா, அன்றிப் புதுக்கோதையே வாங்குவதா என்பதே அது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வினா சிக்கனம் பற்றியதாகவே தோன்றும். அதன் வேரைத் தேடிச் செல்வோரோ ஹைரம் பெர்டன் என்னும் அமெரிக்கரின் வாழ்க்கையில் வந்து நிற்பர்.

பெர்டன் 1824 ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்திற் பிறந்தார். பொறியியல் அவர்தம் தொழில். குறிபார்த்தல் அவர் பயின்ற கலை. பொற்கல்லை நொறுக்கிப் பொன்னைப் பிரிக்கும் பொறியொன்றை அமைத்துப் பெயர் பெற்றார். உள்நாட்டுப் போர் மூளுமுன்னரே, நாட்டின் தலைசிறந்த குறிவல்லாருள் ஒருவரென மதிக்கப்பட்டார்.

1861 இல் போர் மூண்டதும், குறிவல்லாரை மட்டும் திரட்டித் தனிப்படை அமைக்க முன்வந்தார். அப்படையிற் சேர விரும்புவோன் 200 யார் தூரத்து இலக்கிலே பத்து முறை சுட்டு, அப்பத்தையும் பத்தங்குல வட்டத்துள் அடக்கிக் காட்டுதல் வேண்டும். தேறியவர் பச்சைச் சீருடை அணிந்தனர். சனாதிபதி லிங்கனே அவர்களின் பயிற்சிக் களத்துக்கு வந்து பார்த்தார். 1863 இல் நிகழ்ந்த கெற்றிஸ்பேர்க் பெரும்போரிலும் அப்படை பங்கு கொண்டது. 1864 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பெர்டன் பதவி துறந்தார். களத்தில் முன்னிற்கத் தயங்கினார் எனச் சகவீரர் சிலர் அவரைப் பழித்ததும் உண்டு.

அவருடைய வீரர் ஏந்திய ஷார்ப்ஸ் துவக்கின் தோட்டா உறை கடதாசியாலோ மெல்லிய துணியாலோ ஆனது. ஆதலின் பழையது, புதியது என்னும் வினாவுக்கே அங்கு இடமில்லை. உலோகக் கோது வந்த பின்னரே அவ்வினாவும் உடன்வந்தது.

பித்தளையின் இயல்பு இங்கே அறியத்தக்கது. கோதுக்கு ஏற்ற பித்தளை நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. மருந்து வெடிக்கும் கணத்தில் அது விரிந்து, துவக்கின் அறைச்சுவரோடு ஒட்டி, எரிவாயு பின்னே கசியாது அடைக்கும். அழுத்தம் தணிந்ததும் சிறிதே சுருங்கி வெளிவரும். ஆயினும் முன்னைய அளவுக்கு முற்றாக மீளாமல், தன்னை வெடித்த துவக்கின் அறை வடிவைத் தாங்கி நிற்கும். பழங்கோதின் சிறப்பு இதுவே. அதன் குறையும் அங்கேயே உண்டு. விரிந்ததை அச்சிலிட்டுச் சுருக்கியும் மீண்டும் வெடித்தும் வந்தால், பித்தளை இறுகி வெடிப்புறும். அடிக்க அடிக்க இறுகும் பித்தளையைத் தீயிற் காய்ச்சி இளக்கும் கன்னாரின் கைம்முறையைப் போட்டியாளரும் கோதின் கழுத்தளவிற் கையாளுகின்றனர்.

கோதின் அடியிலே தீமூட்டும் சிறு கிண்ணம் ஒன்று உண்டு. துவக்கின் ஊசி அதனைத் தாக்கும்போது, உள்ளிருக்கும் மருந்து நசுங்குதற்கு ஒரு பட்டடை வேண்டும். 1866 இல் பெர்டன் அப்பட்டடையைக் கோதின் உடம்பிலேயே அமைத்தார். அவ்வாண்டிலேயே, வூல்விச் ஆயுதசாலையிற் பணிபுரிந்த எட்வேட் பொக்ஸர் என்னும் ஆங்கிலேய அதிகாரி, பட்டடையைக் கிண்ணத்துள்ளே வைத்தார். வேறுபாடு அணுவளவே; விளைவோ பெரிது. பொக்ஸரின் முறையிலே நெருப்புச் செல்லும் துளை நடுவில் ஒன்று; ஊசியொன்றை உட்செலுத்தினால் எரிந்த கிண்ணம் எளிதிற் கழன்றுவிடும். பெர்டனின் முறையிலே நடுவிற் பட்டடை நிற்க, துளைகள் பக்கத்தில் அமைந்தன. எரிந்த கிண்ணத்தைக் கழற்றுதல் இயலாததன்று; பெருந்தொல்லை. ஆதலின் அக்கோது பெரும்பாலும் ஒருமுறை வெடித்து ஒழிவதாயிற்று.

அமெரிக்கரின் முறை ஐரோப்பியப் படைகள் பலவற்றிற் பரவ, ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. ருஷ்யப் படையினர் பெர்டனின் துவக்கை ஏற்று, அவர் பெயராலேயே பெர்டான்கா என அழைத்தனர். குறிவல்லாராய்ப் புகழ்பெற்ற பெர்டனின் பெயர் படைகளின் கோதிலே நிலைபெற, இன்றைய போட்டியாளரோ பொக்ஸரின் முறைக் கோதையே நாடுகின்றனர்.

அக்கோதிலும் பழையதா, புதியதா என்பதற்கு வயது மட்டும் விடையாகாது. ஒரே தொகுதியில் உருவாக்கிய புதுக்கோதுகள் தம்முள் ஒத்திருக்கும். ஆனால் துவக்கின் அறைக்கு இன்னும் பழகாதவை. தன் துவக்கிலேயே வெடித்து, எத்தனை முறை என்று கணக்கு வைத்த பழங்கோது பெரிதும் நம்பத்தக்கது. பிறர் வெடித்து எறிந்ததோ வரலாறு அறியாதது. கோயிற் குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்கினால் அதன் பழமை அழகாகும். கோதை விளக்கினாலோ பளபளப்புப் பழுதை மறைக்கும். கழுத்திற் கீறலும் அடிப்பக்கத்தில் ஒளிர்கோடும் கண்டால் அதனை விலக்குதல் வேண்டும்.

புதுக்கோதும் பழுதற்றது என்று கொள்ளற்க. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவிலே, குதிரைலாயத்தை அடுத்து வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்திலே வெடிக்காமலே பிளந்தன. இழுத்து உருவாக்கியபோது பித்தளையுள் தங்கிய இறுக்கமும், குதிரை மூத்திரத்தின் அமோனியா ஆவியும் சேர்ந்து செய்த கேடு அஃது என 1921 இல் ஆய்வாளர் நிறுவினர். மிதமாகக் காய்ச்சி இளக்குவதே மருந்தாயிற்று.

பெர்டனின் மகள் எலிசபெத், அலகாபாத்திற் பத்திரிகை நடத்திய நாவலாசிரியர் மரியன் குரோபோர்டை 1884 இல் மணந்தார். தம் கண்டுபிடிப்புகளுக்காக அமெரிக்க அரசோடு வழக்காடிய பெர்டன், 1893 இல் வாசிங்டனிற் காலமாகி ஆர்லிங்டன் இடுகாட்டில் அடக்கம் பெற்றார். வழக்கின் வெற்றி 1895 இலேதான் வந்தது. காண அவர் இல்லை.

போட்டியாளன் தன் கோதைக் குனிந்து எடுக்கிறான். அது எத்தனை முறை வெடித்தது, எங்கே பட்டது என்பதை அறிவான். போர்வீரன் அதனை விட்டுச் செல்கிறான். எவர்மேற் பட்டதென்று கேட்பாரில்லை. திருக்கோவில், தம்பிலுவில் முதலிய இக்கடலோர ஊர்களில் வாழ்வோர் போர்க்காலத்து வெற்றுக்கோதின் பொருளை நன்கறிவர். அவ்விருவகைச் சூட்டிலும் நின்றவர் பெர்டன். கணக்கு வைத்து எடுக்கும் கோதே கலைக்குரியது. எண்ணாது எறியப்படுவது அழிவுக்குரியது.