பட்டம் இல்லாத முதல்வர்

முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் இரும்புப் பட்டையை அரத்தால் ராவி, டிரை ஸ்கொயர் வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் திரும்பவும் ராவினவர்கள்தானே நாம்? விளிம்பில் பிசிறு இருந்தால் ஜாபை வாங்கவே மாட்டார்கள். அந்த விளிம்பு விஷயத்தில் அசகாய சூரர் ஒருவர் கோவையில் இருந்தார். ஜி.டி. நாயுடு.

1893 மார்ச் 23-ல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். படிப்பைப் பாதியிலேயே விட்டார். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசை வந்தது. கோவையில் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதையே வாங்கினார். வாங்கியதும் ஓட்டினாரா? அக்கக்காகப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டினார்! 1920-ல் பொள்ளாச்சி–பழனி ரூட்டில் ஒரே ஒரு பஸ் விட்டார். அது யு.எம்.எஸ். என்று பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செய்தார்.

அடுத்தது சவரம். உலர் மின்கலத்தில் ஓடும் குட்டி மோட்டார் வைத்து 'ரேசண்ட்' ரேசரைச் செய்தார். மிக மெல்லிய பிளேடும் செய்தார். பிளேடுதானே என்று நினைக்காதீர்கள். சாதாரண பிளேடின் தடிமனே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். எஃகைக் காய்ச்சிக் கடினமாக்கணும். ரொம்பக் கடினமானால் நொறுங்கிடும், அதனால் டெம்பரும் பண்ணணும். சாணையில் கோணம் மாற்றித் தீட்டினால் முனையில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். அதைத் தோலில் தேய்த்து எடுக்கணும். விட்டால் கன்னம் கிழிஞ்சிடும். நம்ம ஃபிட்டிங் ஷாப் பாடமேதான், அளவுதான் வேறு.

சுந்தரபாண்டியபுரத்துக்குச் சூரியகாந்தி பார்க்க வருகிறவர்கள்கூட நம்மிடம், "டிப்ளமோவா? பி.இ. கிடைக்கலையா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1945-ல் நாயுடுவின் நன்கொடையில் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் வந்தது. பொறியியல் கல்லூரியும் வந்தது. பட்டமே இல்லாத அவர்தான் முதல்வர்! நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டு வருஷம் போதும் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். (நாலு வருஷம் அதிகம் என்பதில் எனக்கும் சம்மதம்தான், ரெண்டு கொஞ்சம் அவசரம்.) அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

1952-ல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய். லைசென்ஸ் கிடைக்காததால் உற்பத்தி நின்றது. 1974 ஜனவரி 4-ல் அவர் காலமானார்.