வைத்தியர் கிறீனும் உம்மும்மாவின் கவலையும்

உயர்தரத்தில் நான் உயிரியல் பிரிவைத் தெரிவுசெய்தபோது வாப்பா மிகவும் மகிழ்ந்தார். உம்மும்மாவுக்கு மட்டும் ஒரு கவலை. விஞ்ஞானம் கூடுதலாகப் படித்தால் ஈமான் குறைந்துவிடுமோ என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் வாழ்க்கையை வாசித்தேன்.

கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் கற்றவர். அதற்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பாவில் அறிவொளிச் சிந்தனை பரவியிருந்தது. எதையும் அவதானித்து, சோதித்து, அதன் பின்னரே ஏற்க வேண்டும் என்றது அது. இதனால் சிலர் கிறிஸ்தவ மதத்தை விட்டு விலகினர். வேறு சிலரோ படைப்பை ஆராய்வதும் படைத்தவனை அறியும் வழியே என்றனர். கிறீன் இரண்டாவது வகையினர்.

அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், அடுத்த ஆண்டு மானிப்பாயில் பணியைத் தொடங்கினார். நோயாளரைக் கவனித்ததோடு நம் நாட்டு இளைஞருக்கு வைத்தியமும் கற்பித்தார். 1857 இல் தாயகம் சென்று 1862 இல் மீண்டும் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் பின்னர் தமிழுக்கு மாறினார். தமிழில் கற்றவர்கள் கிராம மக்களுடனேயே தங்கிப் பணிபுரிவார்கள் என்பது அவர் எண்ணம்.

ஆனால் அதற்குரிய நூல்கள் தமிழில் இல்லை. ஆகவே மாணவருடன் சேர்ந்து தாமே ஆக்கினார். 1867 இல் இரண வைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதம், 1875 இல் கெமிஸ்தம் என அவை வெளிவந்தன. 1873 இல் நாடு திரும்பிய பின்னரும் அவர் இப்பணியை விடவில்லை. 1884 இல் காலமானார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வைத்தியத்தின் வழியாக மக்கள் தம் மதத்துக்கு வருவார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. மானிப்பாய்க்கு வந்த சைவர்களோ மருந்தைப் பெற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலர் தம் சமயத்திலேயே இருந்தார்கள். இங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. ஒழுங்காகத் தைத்த காயம் எந்த மதத்தவர் உடலிலும் ஆறும். அவரது நம்பிக்கை அவரை விஞ்ஞானத்திடம் கொண்டு வந்தது. அந்த விஞ்ஞானம் மற்றவர் நம்பிக்கையைப் பறிக்கவில்லை. அறிவைத் தேடுவதைக் கடமையாகக் கொண்ட நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

இதையெல்லாம் உம்மும்மாவிடம் சொன்னேன். எனது பாடக் கொப்பியில் இருந்த இதயப் படத்தைக் காட்டி, சோணையறை, இதயவறை, வால்வு என ஒவ்வொன்றாகத் தமிழில் விளக்கினேன். இரத்தம் செல்லும் பாதையை விரலால் தொடர்ந்து பார்த்த அவர், மெதுவாக சுப்ஹானல்லாஹ் என்றார். அவருடைய கவலை முழுவதும் தீர்ந்ததோ தெரியாது. ஆனால் மறுநாள் மாலை, இன்றைக்கு என்ன பாடம் என்று அவரே கேட்டார்.