பிச்சைக்காரரின் ஞானமகன்

பிரான்சு நாட்டின் போர்தோ நகருக்கு அருகே லா பிரேது என்னும் கோட்டை உண்டு. 1689-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 18-ஆம் நாள் அங்கே ஓர் ஆண் மகவு பிறந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை. ஆயினும் ஞானஸ்நானத்தின்போது அதற்கு ஞானத்தந்தையாக நின்றவர் ஒரு பிச்சைக்காரர்! ஏழைகள் தன் சகோதரர்கள் என்பதைப் பிள்ளை என்றும் மறக்கலாகாது என்பது பெற்றோரின் விருப்பம். அப்பிள்ளையே பின்னாளில் உலகம் போற்றிய அரசியல் அறிஞர் மோந்தெஸ்கியூ.

ஏழு வயதில் தாயை இழந்தார். ஜுய்யி என்னும் ஊரில் குருக்கள் நடத்திய பள்ளியில் பயின்றார். 1715-இல் ழான் என்னும் பிராட்டஸ்டன்டுப் பெண்ணை மணந்தார். அந்தச் சபையாரின் வழிபாட்டை 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் ஒரே ஆணையால் தடை செய்திருந்தார். ஒருவர் கையிலுள்ள எல்லையற்ற அதிகாரம் மக்களின் மனச்சான்றையும் நசுக்கும் என்பதை அவர் தம் இல்லத்திலேயே கண்டார் அன்றோ?

1716-இல் பெரியப்பாவின் நீதிமன்றப் பதவி அவரை வந்தடைந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் அதை விட்டுவிட்டுப் பல நாடுகளைச் சுற்றினார். பல்லாண்டு உழைத்து 1748-இல் ‘சட்டங்களின் ஆன்மா’ என்னும் பெருநூலை வெளியிட்டார். கண்ணொளி மங்கிய நாள்களில் மகள் தெனீசு அவருக்குப் படித்துக் காட்டி உதவினாள்.

அந்நூலின் கருத்தை நம் விளையாட்டுத் திடலிலேயே காணலாம். எறிபந்தாட்டத்தில் விதியை வகுப்பவரும், ஆடுபவரும், நடுவரும் ஒருவரே என்றால் எதிரணி என்ன ஆகும்? சட்டம் இயற்றுவது, அதை நிறைவேற்றுவது, நீதி வழங்குவது ஆகிய மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் குடிமகனுக்குச் சுதந்திரம் இல்லை என்றார் அவர். போர்தோ நகரத்தார் அடிமை வாணிகத்தால் பொருள் சேர்த்த காலத்தில், அடிமைத்தனத்தை நியாயப்படுத்தியோரை அந்நூலில் எள்ளி நகையாடவும் அவர் தயங்கவில்லை.

எதிர்ப்பும் எழுந்தது. 1751-இல் நம் திருச்சபையே அந்நூலைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் முறையே 1966-இல் கைவிடப்பட்டது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அவரோ 1755 பிப்ரவரி 10-ஆம் நாள், தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றே பாரிசில் கண் மூடினார்.

அவர் மறைந்தாலும் கருத்து மறையவில்லை. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு அதன்மேல் எழுந்தது. நம் அரசியலமைப்பின் 50-ஆம் பிரிவும் நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்கிறது. 1975-இல், நெருக்கடி நிலையின்போது, பிரதமரின் தேர்தல் வழக்கை நீதிமன்றத்தின் கைக்கு எட்டாதபடி செய்ய ஒரு சட்டத்திருத்தம் வந்தது. உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தின் அப்பகுதியைச் செல்லாது என்றது. பிரிந்து நிற்கும் அதிகாரமே நமக்குக் காவல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோழியரே, நாளை நம்மில் சிலர் நீதிபதிகளாகலாம், அதிகாரிகளாகலாம். வாக்காளராவோர் நாம் அனைவரும். வகுப்புத் தலைவியாய் இருக்கும்போதே, நம்மைத் தட்டிக் கேட்கவும் ஒருவர் வேண்டும் என்று விரும்பப் பழகுவோம். பதவி வந்தபின், பிச்சைக்காரரை ஞானத்தந்தையாகக் கொண்ட அக்குழந்தையை நினைவில் கொள்வோம்.